செக்கிங் ஏகாம்பரத்துக்கு இரண்டாவது அஞ்சலி

இந்த முறை தணிகாசலம் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் போட்டிருந்தார். "பாடியில் வசித்த நம் செக்கிங் ஏகாம்பரம் இன்று காலை காலமானார். அவர் மகனிடம் பேசி உறுதி செய்யப்பட்டது." வாட்ஸப்பில் நம் குழுவில் செய்தி வந்தபோது நான் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனை எடுத்துப் படித்தேன். 'உறுதி செய்யப்பட்டது' என்ற இடத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு மீதி மாவையும் ஊற்றி மூடினேன்.

மறுநாள் தணிகாசலம் அழைத்தார். "தேவகிம்மா, பதினாறாம் நாள் படத்திறப்பு வெச்சிருக்கோம். நம்ம கம்பெனி ஆளுங்க சார்பா நீங்கதான் எழுதித் தரணும். நல்லதா நாலு வார்த்தை போதும்" என்றார். நல்லதாக நாலு வார்த்தையை நான் ஒன்பது மாதத்துக்கு முன்பே எழுதிவிட்டேன். இறந்தவரே அதைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே இது இரண்டாவது. இதை வாசிப்பதா வேண்டாமா என்பதைத் தணிகாசலமே முடிவு செய்துகொள்ளட்டும்.

நம் கம்பெனியை அறியாதவர்களும் படத்திறப்புக்கு வரக்கூடும் என்பதால் சொல்கிறேன். மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி, வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பிய கம்பெனி அது. இப்போது இல்லை. நான் அங்கே காலர் தைத்தேன். ஏகாம்பரம் செக்கர். தைத்த சட்டையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவர் வேலை. ஏகாம்பரம் என்று எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் செக்கிங், இன்னொருவர் ஸ்டோர். கம்பெனியில் யாரும் வெறும் ஏகாம்பரம் என்று சொல்ல மாட்டோம். அந்தப் பழக்கத்தைத் தணிகாசலம் ஒரே ஒரு நாள் மறந்தார். எந்தச் செய்தியானாலும் குழுவில் தானே முதலில் போட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு உண்டு. "நம் ஏகாம்பரம் மறைந்தார்" என்று போட்டார். உங்களில் பாதிப் பேர் கை கூப்பும் படத்தைப் போட்டீர்கள். நான் இப்படி எழுதினேன்: "ஏகாம்பரம் அவர்கள் யார் மனமும் நோகப் பேசியறியாதவர். பழகுவதற்கு இனியவர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவர். அன்னாரின் பிரிவு ஈடு செய்ய முடியாதது."

இருபது நிமிடம் கழித்து இறந்தவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "தேவகி, செத்தது ஸ்டோர் ஏகாம்பரம். நான் கீறேன். இன்னாத்துக்கு இவ்ளோ பொய் எய்தி வெச்சிகீறே?" முப்பத்தெட்டு வருடம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பாவம், ஸ்டோர் ஏகாம்பரத்துக்கு அன்று குழுவில் யாரும் சரியாக அழவில்லை. நானும் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டேன். அவருக்கு நான் அதைவிட நிறையக் கடன்பட்டவள். அது பின்னால் வரும்.

ஏகாம்பரத்துக்கும் எனக்கும் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி முப்பத்தெட்டு வருடம் நீங்கள் நடந்துகொண்டதற்கு நன்றி. எனக்கு இருபத்திரண்டு வயது. என் காலர்களை அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, சாக்கட்டியால் உள்பக்கம் ஒரு புள்ளி வைத்து அனுப்புவார். மற்றவர்கள் பீஸில் அந்தப் புள்ளி இருக்காது. தேய்க்கும்போது போய்விடும் என்பதால் யாருக்கும் தெரியாது. எங்கோ குளிர் நாட்டில் எவனோ போட்ட சட்டையில் அந்தப் புள்ளி கொஞ்ச நேரம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அப்படியெல்லாம் நினைக்கிற வயது.

செக்கிங்கில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பண்டிலிலிருந்தும் ஒரு சட்டையை எடுத்து, தையலின் இரண்டு பக்கமும் பிடித்து, பிரியும்வரை இழுப்பார்கள். எவ்வளவு இழுத்தால் பிரிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். நன்றாகத் தாங்கினால் பண்டில் முழுவதும் பாஸ். இழுத்த சட்டை மட்டும் கழிவுக் கூடைக்குப் போகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, "இது நல்லா இருக்குன்னுதானே தெரிஞ்சுது, இத்தை ஏன் தூக்கிப் போடறீங்க?" என்று அவரிடம் கேட்டேன். "நல்லா கீதுன்னு தெரிஞ்சிக்கத்தானே இழுத்தேன். இழுத்தப்புறம் அது நல்லா இல்லமே" என்றார். எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

கல்யாணத்தை ரிஜிஸ்டர் செய்துகொள்ள இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் கொடுத்தோம். ஒரு மாதம் காத்திருந்து, குறித்த நாளில் அம்பத்தூர் பதிவாளர் ஆபீஸுக்குக் காலை பத்து மணிக்குப் போனேன். சாட்சிக்கு மூன்று பேர். பூந்தமல்லியிலிருந்து என் பக்கத்து மிஷின் மும்தாஜ், தணிகாசலம், ஸ்டோர் ஏகாம்பரம். ஏகாம்பரம் என்ற பெயரில் அன்று வந்தது அவர் ஒருவர்தான். மதியம் மும்தாஜ் தயிர்சாதம் வாங்கி வந்தாள். நான் தொடவில்லை. "வாடி போலாம், ஆம்பளை புத்தி மாறிடுச்சு" என்று நான்கு மணிக்குச் சொன்னாள். நான் எழவில்லை. ஐந்து மணிக்கு ஆபீஸைப் பூட்டினார்கள். அப்போதுதான் எழுந்தேன். என்னை வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டவர் ஸ்டோர் ஏகாம்பரம். மறுநாள் செக்கிங் ஏகாம்பரம் வழக்கம்போல வேலைக்கு வந்தார். என் பீஸில் பதினொன்றைத் திருப்பி அனுப்பினார். புள்ளி இல்லை.

அதற்குப் பிறகு தணிகாசலம் என்னைத் தனியாக அழைத்து, "அவங்க அம்மா அரளி விதையை அரைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்களாம்" என்று சொன்னார். நான் நம்பினேன். நம்பியதால்தான் பிழைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். கம்பெனி மாறினேன், வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டேன், அயனம்பாக்கத்துக்கு வந்தேன், ஒரு மகனைப் பெற்றேன். என் கணவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதையே ஒரு குறையாக அவர் மேல் வைத்திருந்தேன். ஏகாம்பரத்தின் அம்மாவைத் தினம் ஒரு தடவையாவது மனதுக்குள் திட்டுவேன். அந்த அம்மா இறந்தார் என்று கேள்விப்பட்ட அன்று பாயசம் வைத்தேன். "என்ன விசேஷம்?" என்று கணவர் கேட்டார். "சும்மா" என்றேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். அவரும் போய் நான்கு வருடம் ஆகிறது.

குரல் பதிவு வந்த மறுநாள் ஏகாம்பரமே அழைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர் மனைவி இறந்து வெகு நாள் ஆகிவிட்டது. பாதி இருதயம்தான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதற்குப் பிறகு எல்லாச் செவ்வாயும் வந்தார். மறைக்காமல் சொல்கிறேன், நான் சந்தோஷமாக இருந்தேன். அறுபது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமைக்காகத் தலைக்குச் சாயம் பூசினேன். நான் வருவதைத் தூரத்தில் பார்த்துவிட்டே, "இன்னாமே, சாயம் காதுல ஒட்டிகினு கீது" என்று கத்தினார். நடைப்பயிற்சி போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி போடாத கண் அது. உடம்பில் மற்ற எல்லாம் தேய்ந்திருந்தது, செக்கர் கண் மட்டும் தேயவில்லை. நான் முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அதோடு பேச்சை நிறுத்தியிருப்பேன்.

என் அஞ்சலியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பேனாவை எடுத்து வரிவரியாகப் பார்த்தார். "யார் மனமும் நோகப் பேசாதவனா? ரிஜெக்ட். மும்தாஜ் காலரை விரல்ல மாட்டி லைன் பூரா சுத்திக் காட்டுனேனே, மறந்துட்டியா? நோம்பு வெச்சிகினு அழுதுச்சு அது." அந்த வரியை அடித்தார். "பழகுறதுக்கு இனியவன். ரிஜெக்ட். என் பையனே என்னாண்ட ஒக்காந்து சோறு துன்ன மாட்டான்." அதையும் அடித்தார். பிரிவு ஈடு செய்ய முடியாதது என்ற கடைசி வரியையும் அடித்தார். வாக்கைக் காப்பாற்றுபவர் என்ற வரியில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். "எய்துனா உண்மையா எய்து. இல்லன்னா ரெண்டு வரியோட வுட்டுடு. ஸ்டோர் ஆளுக்கு வுட்ட மாரி" என்றார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் வாயால் அதைச் சொல்ல வேண்டும். "அம்மா விடல, நான் என்ன பண்ணுவேன்" என்று ஒரு வார்த்தை. நான் உடனே, "தெரியும், விடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். முப்பத்தெட்டு வருடமாக அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். மாதங்கள் போயின. அவராகச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நானே கேட்டேன். "அன்னிக்கு உங்க அம்மா ரொம்பப் பிடிவாதம் பண்ணாங்களாமே?"

"எந்த அம்மா?" என்றார்.

அரளி விதைக் கதையைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்து சிரித்தார். இருமல் வந்து நின்ற பிறகும் சிரித்தார். "எங்கம்மாவுக்கு ஒன் பேரே தெரியாது. நான் ஊட்ல சொல்லவே இல்ல. தணிகாசலம் நல்லவன், பாவம், எத்தையோ சொல்லிகீறான்."

"அப்ப ஏன் வரல?"

"வந்தேனே."

ஏரியில் கொக்கு நின்றது, குழந்தைகள் ஓடின என்று இந்த இடத்தில் எழுதலாம். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஒன்பதரைக்கே வந்துட்டேன். எதுர்ல டீக்கடையில ஒக்காந்துகினு இருந்தேன். நீ வந்தே, பெஞ்சில ஒக்காந்தே. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்னு பாத்தேன். நீ அசையாம ஒக்காந்துகினு இருந்தே. சரி, பதினொண்ணு வரைக்கும் தாங்குவாளான்னு பாத்தேன். தாங்குனே. பன்னண்டு. அதுவும் தாங்குனே. சோறு வந்துச்சு, துன்னல. எனக்கு ஒரு மாரி ஆயிடுச்சு. இவ எந்த எடத்துல பிரிவான்னு பாக்கணும்னு ஆயிடுச்சு. அஞ்சு மணிக்குக் கதவ சாத்தறாங்க, அப்பத்தான் எய்ந்தே. அதுக்கப்புறம் எந்த மூஞ்ச வெச்சிகினு வர்றது?"

"காலையிலயே டீக்கடையிலேருந்து எழுந்து வந்திருந்தா?"

"வந்திருந்தா கட்டிகினு இருப்பேன். ஆனா இத்தினி நல்ல தையல்னு தெரிஞ்சிருக்காது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கேலி இல்லை. பாராட்டிக்கொண்டிருந்தார். "என் சர்வீஸ்ல அவ்ளோ நேரம் தாங்குன பீஸ் இல்லமே. ஆனா இழுத்தத எப்பிடித் திரும்ப பண்டில்ல வெக்கிறது?"

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நடந்து வரும் வழியெல்லாம் அந்தக் கிழவியைத்தான் நினைத்தேன். என் பெயரே தெரியாத ஒரு பொம்பளையை முப்பத்தெட்டு வருடம் திட்டியிருக்கிறேன், அவள் சாவுக்குப் பாயசம் வைத்திருக்கிறேன். என் கணவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். அழுகை அப்போதுதான் வந்தது.

அடுத்த இரண்டு செவ்வாய் நான் ஏரிக்கரைப் பக்கம் போகவில்லை. அவர் அழைத்தபோது எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் குரல் பதிவு அனுப்பினார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "என்னால ஏரிக்கு வர முடியல. செவ்வாக்கெயம ஊட்டுக்கு வா. பத்து மணிக்கு வாசல்லயே கீறேன். ஒனக்கு இன்னா சொல்லணுமோ சொல்லிட்டுப் போ."

போனேன். பாடியில் அவர் வீடு மெயின் ரோட்டைப் பார்த்தது. எதிர்ச் சாரியில் பஸ் நிறுத்தம். ஒன்பதரைக்கே நிறுத்தத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு மருமகள் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். வெள்ளைச் சட்டை, தேய்த்தது. முகத்தில் பவுடர். லாரி போகும்போது மறைந்தார், லாரி போனதும் தெரிந்தார். பதினொன்றுக்கு மருமகள் ஏதோ குடிக்கக் கொடுத்தாள். கையால் மறுத்தார். பன்னிரண்டுக்கு வெயில் அவர் மேல் வந்தது. நாற்காலியை நகர்த்த வந்தாள். வேண்டாம் என்றார். தலை லேசாகத் தொங்கியது, நிமிர்ந்தது. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது ரிஜெக்ட். எனக்கு நன்றாக இருந்தது. அதைவிட நன்றாக நான் இருந்த நாள் எதுவும் ஞாபகம் வரவில்லை. இன்னும் தாங்கு, இன்னும் தாங்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு நான் கிளம்பினேன். மனம் இரங்கியெல்லாம் இல்லை. சர்க்கரை வியாதிக்காரி, சிறுநீரை அடக்க முடியவில்லை. பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் அப்போதும் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அவர் வெள்ளிக்கிழமை காலை இறந்தார்.

அன்று ஊற்றிய இட்லியைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டிக்குள் அதே வெள்ளைச் சட்டையோடு கிடந்தார். மருமகள் புவனா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "நீங்கதானேம்மா தேவகி? அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை குடையோட வந்தது நீங்கதானே?" என்றாள்.

"நீ பார்த்தியாம்மா?"

"நான் எங்கே பார்த்தேன்? மாமாதான் காட்டினாரு. ஒன்பதரைக்கு நீங்க வந்து உக்காந்ததுமே ஜன்னல் வழியா பார்த்துட்டு, 'அதோ வந்துட்டா பாரு, குடைக்குள்ள'ன்னு சொன்னாரு. போய்க் கூட்டிட்டு வரேன்னு செருப்பை மாட்டினேன். விடலம்மா. 'போவாத, எவ்ளோ நேரம் தாங்குறான்னு பாக்கலாம்'னு சொன்னாரு. வெயில்ல உக்காந்துக்கிட்டு ஒரே சிரிப்பு. நீங்க பஸ்ஸு ஏறினதும்தான் உள்ள வந்தாரு."

"ஏதாவது சொன்னாராம்மா?"

புவனா கொஞ்சம் தயங்கினாள். நல்ல பெண். "'மூணரை மணி நேரம்தான். அப்பல்லாம் ஏழு மணி நேரம் தாங்குவா. வயசாயிடுச்சு, பாவம்'னு சொன்னாரும்மா."

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எல்லோரும் நான் அழப்போகிறேன் என்று நினைத்து வழி விட்டார்கள். கண்ணாடி மேல் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒரு வருத்தமும் இல்லாத முகம். அவரை இழுத்துப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு நான் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அவர் மேல் அத்தனை கோபத்திலும், அந்தச் செவ்வாய்க்கிழமைகளை யாராவது திருப்பித் தந்தால் மறுபடி சாயம் பூசிக்கொண்டு போவேன் என்றும் அங்கேயே தெரிந்தது. இரண்டையும் ஒரே கண்ணாடிக்கு முன்னால் நின்று உணர்ந்தேன்.

அவர் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லி முடிக்க வேண்டும். பேனாவால் அடித்த தாள் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரி அடிபடாமல் இருக்கிறது. அதை இப்போது நான் அடித்துவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது.

என் மகன் போரூரில் இருக்கிறான். அவன் அப்பா போனதிலிருந்து தினம் காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்வான். மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா, அவ்வளவுதான் பேச்சு. இன்று காலை இதை எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்று, நான்கு என்று எண்ணினேன். ஏழாவது தடவைக்குப் பிறகு நின்றது. முக்கால் மணி நேரத்தில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடி வந்தான். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். முகமெல்லாம் வேர்வை, கண்ணில் தண்ணீர். "போன் எங்கம்மா?" என்றான். "சைலண்ட்ல இருந்திருக்கும்பா" என்று சொல்லிவிட்டு அவனுக்குத் தண்ணீர் எடுத்து வர எழுந்தேன். ஏழு தடவை. தாங்குகிறான்.